பாதாமும் பசியும்: அக்கா கேட்ட ஒரு கேள்வி

போன மாதம் அக்கா போன் பண்ணினாள். எடுத்தவுடனே, "டேய், நீதான் இந்த ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் உக்காந்து படிப்பியே. பாதாம் சாப்பிட்டா பசி அடங்கும்னு போட்டிருந்தானே, எனக்கு மட்டும் ஏன்டா அடங்கல?" என்றாள்.

அக்காவுக்கு வயது 51. எடை 82 கிலோ, உயரம் 155 செ.மீ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ 34. சர்க்கரை இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, மாத்திரை ஆரம்பிக்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். தினம் ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிட்டால் பசி குறையும், எடை குறையும், ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு என்று. அதை நம்பி மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு 35 பாதாம் எண்ணி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம் போலவே பசித்திருக்கிறது. மூன்று மாதத்தில் எடை ஒன்றரை கிலோ கூடியும் இருக்கிறது. "எனக்கு நாக்கக் கட்ட முடியலடா, அதான்" என்று அவளாகவே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அந்தத் தீர்ப்புதான் எனக்கு உறுத்தியது. அதனால் அந்த ஆய்வை மூலத்திலேயே தேடிப் படித்தேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. பிஇ படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் ஒரு அளவீட்டை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் தினமும் சண்டை போடுகிற விஷயம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆய்வு நடந்தது தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில். 2022-ல் ஐரோப்பிய ஊட்டச்சத்து இதழ் ஒன்றில் வெளிவந்தது. 25 முதல் 65 வயது வரை, பிஎம்ஐ 27.5 முதல் 34.9 வரை உள்ள 140 பேர். வயதையும் பிஎம்ஐயையும் மட்டும் பார்த்தால் அக்காவையும் சேர்த்திருப்பார்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு வரச் சொல்லி, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 68 பேருக்குப் பாதாம், 72 பேருக்கு அதே கலோரி அளவில் மாவுச்சத்து மிகுந்த ஸ்நாக் பார் கொடுத்தார்கள். பிறகு 30, 60, 90, 120-வது நிமிடங்களில் ரத்தம் எடுத்து ஒன்பது ஹார்மோன்களை அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் "எவ்வளவு பசிக்கிறது" என்று ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பகுதியினரை, பாதாம் குழுவில் 49 பேர், பார் குழுவில் 48 பேர், பஃபே முன்னால் உட்காரவைத்து, வேண்டியதைச் சாப்பிடுங்கள் என்று விட்டு, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நல்ல வடிவமைப்பு, இதில் எனக்குக் குறையே இல்லை.

முடிவு என்ன? ஒன்பதில் நான்கு ஹார்மோன்களில் வித்தியாசம். சி-பெப்டைட் பாதாம் குழுவில் 47 சதவீதம் குறைவு. ஜிஐபி 18 சதவீதமும், குளுக்ககான் 39 சதவீதமும், கணையப் பாலிபெப்டைட் 45 சதவீதமும் அதிகம். மீதி ஐந்தில், அதாவது கோலிசிஸ்டோகைனின், கிரெலின், ஜிஎல்பி-1, லெப்டின், பிஒய்ஒய் ஆகியவற்றில், வித்தியாசம் இல்லை. பசி மதிப்பீட்டிலும் வித்தியாசம் இல்லை. பஃபேயில் சாப்பிட்ட அளவிலும் வித்தியாசம் இல்லை.

கடைசி இரண்டு வாக்கியங்களை இன்னொரு தடவை படியுங்கள். இதை நான் தோண்டி எடுக்கவில்லை, ஆய்வுச் சுருக்கத்திலேயே இருக்கிறது. ஹார்மோன்கள் சாதகமாக மாறினாலும் அது பசி குறைவதாகவோ, சாப்பாடு குறைவதாகவோ வெளிப்படவில்லை என்று ஆய்வாளர்களே முடிவுரையில் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டுரையின் தலைப்பிலும் பசி உணர்வில் விளைவு இல்லை என்பது உண்டு. என்ன, "பசி ஹார்மோன்களை மேம்படுத்துகிறது" என்பது முதலில் வருகிறது, "விளைவு இல்லை" பின்னால் வருகிறது. பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு வந்தபோது அந்தப் பின்பாதியையே காணோம். பாதாம் சாப்பிட்டவர்கள் அடுத்த வேளையில் 300 கிலோஜூல் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்றது குறிப்பு. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைத்தான் எடுத்துப் போட்டன.

300 கிலோஜூல் என்பது சுமார் 72 கலோரி. ஒன்றரை இட்லி. ஐம்பது ஐம்பது பேர் உள்ள இரண்டு குழுக்களின் பஃபே தட்டுகளை ஒப்பிட்டால் ஒன்றரை இட்லி வித்தியாசம் தற்செயலாகவே வரும். ஒருத்தர் கூட ஒரு கரண்டி எடுத்திருப்பார், ஒருத்தருக்கு அன்றைக்கு மனசு சரியிருக்காது. அதனால்தான் கட்டுரை அதை "வித்தியாசம் இல்லை" என்ற கணக்கில் வைத்தது. கட்டுரையில் சத்தமாக இருந்த எண், செய்திக்குறிப்பில் கண்டுபிடிப்பாக மாறிவிட்டது. சர்வரில் சிபியூ பயன்பாடு 47 சதவீதம் குறைந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கிற நேரம் அதேதான் என்றால், எங்கள் ஆபீஸில் அதை "வேகம் கூடிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு மெயில் போட விடமாட்டார்கள். (போடுகிறவர்கள் இல்லாமல் இல்லை.)

சரி, ஹார்மோன்களாவது உண்மையில் "மேம்பட்டதா" என்று பார்ப்போம். இங்கேதான் எனக்குக் கட்டுரையோடேயே கொஞ்சம் சண்டை இருக்கிறது.

கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது அதோடு ஒன்றுக்கு ஒன்று என்று வெளியேறுவது சி-பெப்டைட். அதாவது இது இன்சுலின் எவ்வளவு சுரந்தது என்பதற்கான ரசீது. மாவுச்சத்து நிறைந்த பாரைச் சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், மாவுச்சத்து சொற்பமாக உள்ள பாதாமைச் சாப்பிட்டால் அவ்வளவு ஏறாது. இதற்கு ஆய்வே தேவையில்லை. பாதாமுக்குப் பதில் முட்டை கொடுத்திருந்தாலும் இதே திசையில்தான் போயிருக்கும். ஆக இந்த 47 சதவீதம் பாதாமின் மகிமையைச் சொல்லவில்லை, எதிரே வைத்த தட்டில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறது. ஒப்பீட்டில் எதிராளி யார் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. நான் இதைக் குறை என்று சொல்லவில்லை, சாயங்காலம் பிஸ்கட் சாப்பிடுகிறவர் பாதாமுக்கு மாறினால் இன்சுலின் கம்மியாகச் சுரக்கும் என்பது பயனுள்ள தகவல்தான். ஆனால் அது பசியைப் பற்றிய தகவல் இல்லை.

ஜிஐபி கூடியது நல்லதா? இதற்கு மருந்து உலகத்திலேயே ஒருமித்த பதில் கிடையாது. டிர்செபடைட் என்கிற எடைக் குறைப்பு ஊசி ஜிஐபி ஏற்பியைத் தூண்டுகிறது. அதே ஏற்பியைத் தடுத்து எடை குறைக்கப் பார்க்கும் மருந்துகளும் சோதனையில் இருக்கின்றன. தூண்டினாலும் லாபம், தடுத்தாலும் லாபம் என்கிற ஒரு ஹார்மோன் 18 சதவீதம் ஏறியதை "சாதகம்" பக்கத்தில் எழுதுவது அவசரம். அதைவிட முக்கியம், பசி என்றவுடன் யாரும் முதலில் பார்க்கிற பெயர்கள் கிரெலின், ஜிஎல்பி-1, பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின். செமாக்ளூடைட் ஊசி போலி செய்வது இந்த ஜிஎல்பி-1-ஐத்தான். இந்த நாலும் அசையவில்லை. அப்புறம் பசி மட்டும் எப்படி அசையும்? என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் முடிவுகள் ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்துகின்றன. பசியைச் சொல்லும் ஹார்மோன்கள் மாறவில்லை, பசியும் மாறவில்லை. தலைப்புதான் பொருந்தவில்லை.

இதற்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியா பாதாம் வாரியம். இதைச் சொன்னவுடன் "அப்ப எல்லாம் பொய்" என்று கிளம்பக் கூடாது. ஆய்வாளர்கள் எண்களை மறைக்கவில்லை, தங்களுக்குச் சாதகமில்லாத முடிவை எழுதித்தான் இருக்கிறார்கள். பாதாமைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதிக்கு அந்த வாரியத்தின் கை இருக்கிறது, அதை ஒதுக்கினால் படிக்க அதிகம் மிஞ்சாது. பணம் வேலை செய்வது எண்களில் அல்ல, எந்தக் கேள்வியைக் கேட்பது, எதோடு ஒப்பிடுவது, எதைத் தலைப்பில் வைப்பது என்பதில் என்றுதான் எனக்குப் படுகிறது.

பாதாம் ஆதரவாளர்கள் பக்கம் உண்மையிலேயே வலுவான ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரி முழுவதும் நம் உடம்பில் சேர்வதில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் என்கிற அமெரிக்க வேதியியலாளர் போட்ட கணக்குதான் இன்றைக்கும் லேபிளில் ஓடுகிறது. புரதம் கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. அந்தக் கணக்குப்படி பாதாம் கிராமுக்குச் சுமார் 6 கலோரி. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 2012-ல் 18 பேருக்குப் பாதாம் கொடுத்து, உள்ளே போனதையும் மலத்திலும் சிறுநீரிலும் வெளியே வந்ததையும் அளந்து பார்த்தார்கள். கிடைத்தது கிராமுக்கு 4.6 கலோரி. பாதாமின் கொழுப்பு செல் சுவர்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பல் உடைக்காத செல்லைக் குடலும் திறப்பதில்லை, அப்படியே வெளியே போய்விடுகிறது. அதே குழுவினர் பிறகு வால்நட்டில் லேபிளைவிட 21 சதவீதமும் முந்திரியில் 16 சதவீதமும் குறைவு என்று கண்டார்கள். பிஸ்தாவில் வித்தியாசம் 5 சதவீதம்தான். இதுவும் பாதாம் வாரியத்தின் பணம் கலந்த ஆய்வுதான், ஆனால் இது மறைமுக அளவீடு இல்லை. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்கிற நேரடிக் கணக்கு. இதை நான் நம்புகிறேன்.

2016-ல் அவர்களே எந்த வடிவில் சாப்பிட்டால் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். பச்சைப் பாதாம் முழுசாக: கிராமுக்கு 4.42. வறுத்தது: 4.86. நறுக்கியது: 5.04. அரைத்து வெண்ணெயாக்கியது: 6.53, லேபிள் சொல்கிற அளவுக்கே வந்துவிட்டது. ஒரே பாதாம், மிக்ஸி ஓடினால் கலோரி கூடுகிறது.

பாதாமைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு நன்மைகளை வரிசையாக அடுக்குவார்கள். ஒன்று, கொழுப்பு முழுவதும் சேராது. இரண்டு, அந்தக் கொழுப்பு குடலில் பட்டு நிறைவு ஹார்மோன்களைத் தூண்டிப் பசியை அடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிற கொழுப்பு எப்படிக் குடலில் படும்? பூட்டு திறந்தால் ஹார்மோன் கிடைக்கும், கலோரியும் சேரும். திறக்காவிட்டால் கலோரி மிச்சம், ஹார்மோனும் கம்மி. ஒரே பருப்பில் இரண்டையும் முழு அளவில் வரவு வைக்க முடியாது.

இது என் தர்க்கம் மட்டும் இல்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மேட்ஸின் குழு 2009-ல் 13 பேரிடம் 55 கிராம் பாதாமைக் கொடுத்து, ஒவ்வொரு வாயையும் 10 முறை, 25 முறை, 40 முறை மெல்லச் சொன்னது. 40 முறை மென்றபோது பசி அதிக நேரம் அடங்கி இருந்தது. 10 முறை மென்றபோது மலத்தில் அதிகக் கொழுப்பு போனது. நன்மை இரண்டும் எதிரெதிர்த் திசையில்! 2013-ல் பிரேசிலில், சர்க்கரை வரும் அபாயத்தில் இருந்த உடல் பருமன் கொண்ட 15 பெண்களுக்குக் காலை உணவோடு 42.5 கிராம் வேர்க்கடலையை ஒரு நாள் முழுசாகவும் ஒரு நாள் அரைத்த வெண்ணெயாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். நிறைவு ஹார்மோன்களைத் தெளிவாக ஏற்றியதும் சாப்பிடும் ஆசையைக் குறைத்ததும் வெண்ணெய்தான். முழுக் கடலையின் கொழுப்பு வெண்ணெயைவிட அதிகமாக மலத்தில் போகிறது என்பது 1980-லேயே தெரிந்த விஷயம்.

உடல் பருமன் உள்ளவருக்கு எது வேண்டும்? பசி அடங்குவதா, கலோரி கழிவதா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் "நட்ஸ் நல்லது" என்பதில் பொருள் இல்லை. நம்ம ஊர் பேலியோவில் காலை உணவாக நூறு பாதாம் என்று ஒரு வழக்கம் உண்டு. ஊறவைத்து, காயவைத்து, நெய்யில் வறுத்து. நானும் ஒன்றரை வருஷம் சாப்பிட்டவன். மதியம் இரண்டு மணி வரை பசிக்காது என்பது என் அனுபவத்தில் நிஜம். ஆனால் நூறு பாதாம் என்பது 115 கிராம் இருக்கும், அளந்த கணக்கிலேயே ஐந்நூறு கலோரிக்கு மேல், நெய் தனி. ஐந்நூறு கலோரிக்குப் பொங்கல் சாப்பிட்டாலும் எனக்கு ஒரு மணி வரை பசிக்காது. 12 கிலோ குறைந்தேன், அது பாதாமாலா அல்லது சோறு, சப்பாத்தி, பிஸ்கட் அத்தனையையும் நிறுத்தியதாலா என்பதை என் ஒருவன் உடம்பை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. அப்புறம் ஆறு கிலோ திரும்பி வந்ததும் உண்டு.

பிரித்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2003-ல் கலிபோர்னியாவில் 65 பேரிடம் நடந்த ஆய்வு ரொம்பப் பிரபலம். திரவ உணவோடு தினம் 84 கிராம் பாதாம் சாப்பிட்ட குழுவுக்கு 24 வாரத்தில் எடை 18 சதவீதம் குறைந்தது, மாவுச்சத்து சாப்பிட்ட குழுவுக்கு 11 சதவீதம். இதை மேற்கோள் காட்டாத பாதாம் கட்டுரையே இல்லை. 2012-ல் வந்த ஆய்வை யாரும் சொல்வதில்லை. உடல் பருமன் உள்ள 123 பேர், 18 மாதம், ஒரு குழுவுக்குத் தினம் 56 கிராம் பாதாம், இன்னொரு குழுவுக்கு நட்ஸே கிடையாது. ஆறாவது மாதத்தில் பாதாம் குழு 5.5 கிலோ குறைந்திருந்தது, நட்ஸ் இல்லாத குழு 7.4 கிலோ. 18 மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. கொலஸ்ட்ரால் மட்டும் ஆறாவது மாதத்தில் பாதாம் குழுவில் நன்றாக இருந்தது. அக்காவின் வாட்ஸப் படத்துக்குக் காரணமான அதே ஆஸ்திரேலியக் குழுவின் நீண்ட கால ஆய்வும் 2023-ல் வந்துவிட்டது. முதல் மூன்று மாதத்தில் இரண்டு குழுவும் ஏறக்குறைய 7 கிலோ குறைந்தன, பாதாமோ பாரோ எடையில் வேறுபாடு இல்லை. 2013-ல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பும் நட்ஸ் எடையைக் கூட்டவில்லை என்றுதான் சொன்னது. குறைக்கிறது என்று சொல்ல அதற்கும் ஆதாரம் போதவில்லை.

கூட்டாது என்பதும் குறைக்கும் என்பதும் ஒன்றல்ல. இத்தனை கொழுப்புள்ள ஒரு பொருள் எடையைக் கூட்டாமல் இருப்பதே ஆச்சரியம்தான், இதயத்துக்கு நல்லது என்பதற்கு வேறு ஆதாரங்களும் இருக்கின்றன. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அக்காவுக்குத் திரும்பப் போன் பண்ணிக் கணக்கைச் சொன்னேன். 35 பாதாம் 40 கிராம், அளந்த கணக்கில் தினம் 185 கலோரி. நாலு மணிக்கு முன்னால் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். காபியும் இரண்டு முறுக்கும். அதை நிறுத்தினாயா? "அது எப்படிடா நிறுத்துறது, பாதாம் மருந்து மாதிரி, முறுக்குதான் தீனி" என்றாள். மூன்று மாதம் அந்த 185 மேலே விழுந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறுவதில் அதிசயம் இல்லை. அதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், கல்யாண சீசன் வேறு நடுவில் வந்தது. முறுக்குக்குப் பதிலாகச் சாப்பிடு, இல்லையென்றால் வறுத்த வேர்க்கடலை ஒரு கை போதும், விலையும் கம்மி, நன்றாக மென்று சாப்பிடு என்றேன்.

அப்புறம் பஃபே விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப அந்த 68 பேருக்கும் பசிச்சுதா?"

"பார் சாப்பிட்டவங்களுக்கு எவ்வளவு பசிச்சுதோ, அவ்வளவு."

"இத அந்தப் படத்துலயே போட்டிருந்தா நான் மூணு மாசமா என்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல" என்றாள். டப்பாவில் இன்னும் அரைக் கிலோ மிச்சம் இருக்கிறதாம், சனிக்கிழமை வந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள்.